நூல் உணவல்ல

பிலோமினா துணியைக் கத்தரியால் வெட்டுவாள், நூலைப் பல்லால் அறுப்பாள். அறுத்த துண்டைத் துப்புவதில்லை. மற்றப் பெண்கள் வெற்றிலையை அடக்கிக்கொள்வதுபோல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அடுத்த தையலைத் தொடங்குவாள். அது எப்போது உள்ளே இறங்கும் என்று அவளுக்கே தெரியாது.

கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, கன்னியாஸ்திரிகளிடம் தையல் பழகியவள். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த மாரிஸைக் கட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது, கையால் சுற்றும் மிஷினும் கூடவே வந்தது. ஞானஸ்நானச் சட்டை, முதல் நற்கருணைக்கான புதுநன்மைக் கவுன், கல்யாண ரவிக்கை என்று அந்த வரிசை வீடுகளில் எந்த விசேஷமும் முதலில் அவளுக்குத்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் கோவிலில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிறு காலை, பூசைக்குக் கிளம்புமுன் ஒரு குழந்தைச் சட்டைக்குப் பொத்தான் வைத்தாள். நூல் துண்டு தொண்டையில் இறங்கிவிட்டது. நேரே சாமியாரிடம் ஓடினாள்.

“சாமி, நூலை முழுங்கிட்டேன். நன்மை வாங்கலாமா?”

சாமியார் பிரெஞ்சுக்காரர், தமிழை நிதானமாகப் பேசுவார். “நூல், முடி, நகம் இவையெல்லாம் உணவல்ல, மகளே. உபவாசம் கெடாது. வா.”

அன்றோடு பிலோமினாவுக்கு அந்தச் சந்தேகம் தீர்ந்தது. நூல் உள்ளே போனால் எதுவும் உள்ளே போனதாகாது.

தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது; ஈஸ்டர் கழிந்ததும் வரிசையாக வரும். 1928இல் வேலை அதிகம், நூலும் அதிகம். ஒரு திங்கட்கிழமை காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மிஷின்மேல் சாய்ந்தாள். வலி விட்டுவிட்டு வந்தது. வரும்போது ஆளைச் சுருட்டியது. அடுத்த வீட்டு கெர்ட்ரூட் கொடுத்த ஓமத் தண்ணீரும் வாந்தியாக வந்தது. மாரிஸ் ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

வெள்ளைக்கார டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். நீளமாக ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வயிற்றுப் பூச்சி திரண்டு அடைத்திருந்தால், கிழிக்காமல் ஒரு நாள் பார்க்கலாம். வேறு காரணமாக இருந்தால் காத்திருக்க முடியாது. குடல் அந்த இடத்தில் செத்துவிடும். அவருக்காகத் தமிழில் விசாரித்தவர், காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரெஸர் தம்புசாமி.

“என்னம்மா சாப்பிட்டீங்க? ஒன்னு விடாம சொல்லுங்க.”

“காலையில கஞ்சி. நேத்து சோறும் கத்திரிக்காய்க் கறியும்.”

“வேற?”

“வேற எதுவும் சாப்பிடலண்ணே.”

அவள் தெரிந்து பொய் சொல்கிறவள் இல்லை. டாக்டர் பொறுத்துப் பார்ப்போம் என்றார். மத்தியானத்துக்குள் அவள் முகம் வெளுத்தது. மாரிஸ் பயந்துபோய், சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதலுக்குச் சாமியாரை அழைத்து வந்தான். அவர் எண்ணெய்ச் சிமிழைத் திறக்குமுன் பிலோமினா அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

“சாமி, வீட்டுல வாந்தி எடுத்தப்ப நூல் வந்துச்சு. அப்ப அது வயித்துலயே இருந்திருக்கு. வெறும் வயித்தோட இல்லாம இத்தனை வருஷமா நான் வாங்கின நன்மையெல்லாம் பாவமா?”

பேசின் பிடித்துக்கொண்டிருந்த தம்புசாமி நிமிர்ந்தார். “என்ன நூல்?”

“தைக்கிற நூல்.”

“எவ்வளவு?”

“அறுக்கிறதெல்லாம்.”

“என்ன சாப்பிட்டீங்கன்னு அப்பவே கேட்டேனேம்மா.”

“நூல் உணவில்லன்னு சாமிதான் சொன்னாங்க.”

சாமியார் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “நன்மைக்கு உணவல்ல என்றேன். டாக்டரிடம் சொல்லாதே என்று சொல்லவில்லை. பாவம் எதுவுமில்லை, மகளே. இவரிடம் எல்லாவற்றையும் சொல்.”

தம்புசாமி டாக்டரிடம் ஓடினார். உடனே அறுக்க வேண்டும் என்று முடிவானது. திரும்பி வந்து மாரிஸுக்குத் தன் சட்டைக் கையைக் காட்டி விளக்கினார். சட்டையைக் கழற்றும்போது கை உள்பக்கமாகச் சுருண்டு மாட்டிக்கொள்ளுமே, அதுபோல் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்திருக்கிறது. வயிற்றில் திரண்ட நூலின் வால் அதை இழுத்திருக்கிறது.

மாரிஸ் விழித்தான். கட்டிலில் கிடந்தவளுக்குப் புரிந்துவிட்டது. “அப்ப பிரிச்சு எடுத்துடுங்க,” என்றாள்.

எடுத்தார்கள். சொருகியிருந்த குடலை டாக்டர் விரலால் மெல்லத் தள்ளித் தள்ளி விடுவித்தார், அது செத்திருக்கவில்லை. இரைப்பையிலிருந்து கைப்பிடி அளவுக்கு நூல் பந்து வந்தது. மறுநாள் கெர்ட்ரூட் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

“இந்த ஊதா எங்க வீட்டுப் பாவாடை. பச்சையைப் பாருங்க, சாயம் போகாதுன்னு கடைக்காரரு சத்தியம் பண்ணாரு. நெசந்தான்.”

டாக்டர் இன்னும் நிம்மதியாகவில்லை. குடல் வேலைசெய்யத் தொடங்கியதா என்பது காற்றுப் பிரிந்தால்தான் தெரியும். அதுவரை உதட்டை நனைக்க மட்டும் தண்ணீர். குவார்ட்டர்ஸ் முழுவதும் அந்தக் காற்றுக்குக் காத்திருந்தது. குழாயடியில், பட்டறையில், கோவில் வாசலில் மாரிஸை நிறுத்தி, “பிரிஞ்சிருச்சா?” என்று கேட்டார்கள். சாமியாரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அந்தக் காரியம் ஆயிற்றா?” என்றார்.

ஒரு சாயங்காலம் கெர்ட்ரூட்டும் பெண்களும் கட்டிலைச் சுற்றி முழங்காலிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது அது ஆயிற்று. யாருக்கும் கேட்காமலில்லை. பிலோமினா போர்வையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டாள்.

“நிறுத்தாதீங்க,” என்றாள் கெர்ட்ரூட், மணியிலிருந்து விரலை எடுக்காமல். “முடிச்சுட்டுச் சிரிக்கலாம்.”

முடிக்க முடியவில்லை. வார்டில் என்ன சிரிப்பு என்று அதட்ட வந்த, மிஸி என்று எல்லோரும் அழைக்கும் நர்ஸ், விஷயம் தெரிந்ததும் டாக்டரைத் தேடி ஓடினாள்.

மாரிஸ் வேலை முடிந்து கரிக் கையோடு வந்தபோது கெர்ட்ரூட் ஆஸ்பத்திரிப் படியிலேயே நின்றாள்.

“பிரிஞ்சிருச்சாக்கா?”

“செந்தூல் பட்டறைக்குக் கேக்கலையா?”

அவன் உள்ளே போனான். பிலோமினா கஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு கரண்டி வேண்டும் என்று மிஸியோடு வாதாடிக்கொண்டிருந்தாள்.