மாமன் முகம் இல்லாத படம்

ஆலங்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பழைய காலத்து லென்ஸ் போலவே, கையால் ஃபோகஸ் பண்ணும் மேனுவல் லென்ஸ் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். தானே ஃபோகஸ் பிடிக்கும் நல்ல ஆட்டோஃபோகஸ் லென்ஸ் ஏற்கெனவே பையில் கிடந்தது. இது இருட்டிலும் எடுக்கும், பின்னணியை அழகாகக் கரைக்கும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், வளையத்தைக் கையால் திருகும்போது நாலு பேர் பார்ப்பது பிடித்திருந்தது.

விராலிமலையில் ஒரு காதுகுத்து. நல்ல பகல் வெளிச்சம். குழந்தையை மடியில் வைத்திருந்த தாய்மாமன் அதற்காகவே துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். ஆசாரி ஊசியை எடுத்ததும் அந்த மேனுவல் லென்ஸின் துளையை முழுக்கத் திறந்து, குழந்தையின் காதில் ஃபோகஸ் வைத்தேன். காது துல்லியமாக விழுந்தது. ஒரு சாண் பின்னால் இருந்த மாமனின் முகம் எல்லாப் படத்திலும் கரைந்துபோயிருந்தது.

ஆல்பம் கொடுப்பதற்குள் அவர் துபாய்க்குத் திரும்பிவிட்டார்.

"என்ன தம்பி, எந்தம்பி மூஞ்சியே தெரியலையே?" என்றார் குழந்தையின் அம்மா.

"இதுதாங்க்கா இப்ப ஸ்டைலு."

"அப்படியா? நமக்கு என்னத்த தெரியுது!" என்று சிரித்துவிட்டார்.

போன மாதம் அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு மறுபடியும் என்னையே கூப்பிட்டார்கள். கூடத்தில் அந்தக் காதுகுத்துப் படங்களில் ஒன்றைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். "மாமன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டார்.

"இப்படி எடுக்கிறதுதான் ஸ்டைலாம். இந்தா, எடுத்த தம்பியே நிக்கிறாரு, கேளுங்க" என்றார் அந்த அக்கா.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இந்த முறை என் கேமராவில் மாட்டியிருந்தது ஆட்டோஃபோகஸ் லென்ஸ். அது அங்கே என் ஒருவனுக்குத்தான் தெரியும்.