தேறி வந்த அமெரிக்காக்காரி

பாகூர் ஏரிக்குக் கீழே, அறுப்பு முடிந்த வயலில், கோடைதோறும் சினிமாக் கொட்டாய் போடுவார்கள். அந்த நாளில் எங்களுக்கு வந்ததெல்லாம் பேசாத வெளிநாட்டுப் படங்கள். திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று தொண்டை கிழியக் கதை சொல்வார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் அம்மாவோடு மணலில் உட்கார்ந்திருப்பேன்.

அம்மாவுக்கு அப்போது நெஞ்சுநோய். இருமி இருமி மெலிந்துகொண்டே வந்தாள். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அப்பா கெஞ்சாத நாளில்லை. கரும்புத் தோட்டத்தில் ஆட்களை அதட்டி வேலை வாங்குகிற மனுஷன், இவளிடம் மட்டும் கெஞ்சுவார்.

"அங்க போன என் அக்கா திரும்பி வந்தாளா? நான் என் வூட்லயே கெடந்து சாவறேன்" என்று அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிடுவாள்.

அந்த அமெரிக்க நடிகையை அப்படியொரு கோடையில்தான் முதன்முதலாகப் பார்த்தோம். படத்தில் அவள் நோயாளித் தாய். ஒட்டிய கன்னம், நரைத்த தலை, வாயில் கைக்குட்டை. அவள் இருமும்போதெல்லாம் அம்மாவும் இருமினாள். எல்லாம் வேஷம்தான் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதை அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"தலைக்கு வெள்ள பூசலாம். கன்னத்துக் குழிய எப்டி பூசுவ? நெசமாவே நோவு கண்டவதான் அவ."

அடுத்த கோடையில் அதே முகம் மறுபடியும் வந்தது. இப்போது கன்னம் உப்பியிருந்தது, தலை நரை போயிருந்தது. குதிரைமேல் தாவி ஏறி, ஓடுகிற ரயிலைத் துரத்திக்கொண்டு போனாள். "போன வருசம் பாத்த அதே அம்மாதான்!" என்று கதை சொல்பவர் கத்தினார். பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். அம்மா என் கையை நோகப் பிடித்தாள்.

"தேறிட்டாடி! பாத்தியா, தேறிட்டா!"

சிரிக்காதீர்கள். எங்கள் அம்மன் கோயில் கூத்து இரவுக்கு ஒரு கட்டமாக, வரிசை பிசகாமல் நடக்கும். பிறந்தவன் வளர்வான், வளர்ந்தவன் சண்டைக்குப் போவான், அங்கே சாவான். செத்தவனை மறுநாள் குழந்தையாகக் கொண்டுவந்து நிறுத்தினால் கூத்தாடியை ஊர் சும்மா விடாது. பின்னால் பார்ப்பது பின்னால் நடந்தது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அப்பா மட்டும் கொட்டாய்க்காரரிடம் விசாரித்திருக்கிறார். பழசோ புதுசோ, எந்தப் படப்பெட்டி கைக்கு வருகிறதோ அதைப் போடுவோம் என்று அவர் சொல்லியிருக்கிறார். சின்ன வயசில் குதிரையேறும் கதாநாயகி, பிறகு யாருக்காவது அக்கா, வயதான பிறகு நோயாளித் தாய். அவள் தொழில் போன போக்கு அது. எங்கள் ஊருக்கு அது தலைகீழாக வந்து சேர்ந்தது. இது தெரிந்தும் அப்பா வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் படம் பார்த்த மறுநாள் காலையில் அம்மாவே ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டச் சொல்லிவிட்டாள்.

அதன்பிறகு மாதம் தவறாமல் போய்வந்தோம். ஆஸ்பத்திரியில் கன்னியாஸ்திரி கொடுத்த மீன் எண்ணெயை அம்மா குமட்டிக் குமட்டிக் குடிப்பாள். "அவளும் இதத்தான குடிச்சிருப்பா" என்று தன்னையே தேற்றிக்கொள்வாள். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. இருமல் குறைந்தது. எனக்கு நினைவு தெரிந்து எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு வருஷம் இருந்ததில்லை.

அதற்கடுத்த கோடையில் வந்த படத்தில் அந்த அமெரிக்காக்காரி மறுபடியும் கிழவியாக, கட்டிலில் படுத்துக் கிடந்தாள். கடைசியில் செத்தும் போனாள். முகத்தின்மேல் துணியை இழுத்து மூடினார்கள். கொட்டாயில் பல பேர் அழுதார்கள். அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அவ்ளோ வைத்தியம் பாத்தும் நோவு திரும்பிடுச்சே அவளுக்கு" என்றாள்.

அப்பாவுக்குத் தாங்கவில்லை. ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்.

"இன்னா புள்ள, இதுக்குப் போயி... அந்தக் குதிரப் படம் அவ கொமரியா இருந்தப்ப எடுத்தது. பழசு நமக்குப் பின்னால வந்துச்சு, அவ்ளோதான்."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்ப அவ தேறுனதே இல்லியா?"

"அவளுக்கு நோவே இல்ல. எல்லாம் வேஷம்."

"என்னுது வேஷம் இல்லியே" என்றாள் அம்மா.

அன்றைக்கு அப்பா வாயைத் திறந்திருக்கவே வேண்டாம் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். அவர்மேல் பாவமாகவும் இருக்கிறது. வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று எனக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாளில் அப்பா விடியுமுன் வண்டியைப் பூட்டி, வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்தார். நான் அம்மாவைக் கூப்பிட்டேன், அவள் வரவில்லை. அப்பாவும் கூப்பிட்டுப் பார்த்தார். வெயில் ஏறும்வரை வாசலில் நின்றுவிட்டு, மாடுகளை அவிழ்த்துக் கட்டினார்.