வாரி என்று கேட்டிருக்கலாம்

காலை ஏழேகாலுக்குத் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் புதுக்கோட்டை பஸ் ஏறினேன். ஐம்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். கீரனூர் தாண்டியதும் வானம் கறுத்தது. பக்கத்து இருக்கைக்காரர் மழையைத் திட்டிக்கொண்டே ஜன்னலை இறக்கினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த மழையைப் பார்க்கத்தான் லீவு போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தேன்.

காரணம் இதுதான். நகரத்து மழைநீர் எங்கே போகிறது என்று கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள் நான். புதுக்கோட்டைக் குளங்களுக்குத் தண்ணீர் வரும் வழிகளை வரைபடமாக்கித் தடிமனாக ஓர் அறிக்கை எழுதினேன். அது நூலகத்தில் சுகமாகத் தூங்கியது. போன கோடையில் நகராட்சியும் ஓர் ஆட்டோ ஸ்டாண்டும் குளத்தங்கரைக் கடைக்காரர்களும் சேர்ந்துகொள்ள, அதைத் தட்டி எழுப்பினோம். ஸ்டாண்டில் படத்தை விரித்துவைத்ததும் ஆட்டோக்காரர் ஆரோக்கியசாமி சிரித்துவிட்டார். நான் வருஷக்கணக்கில் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த முக்கியமான வழி, வெறும் சாக்கடை.

அதை எனக்குக் காட்டியதே அவர்தான். ஆய்வுக்கு வந்த நாளில் கால்வாய் எங்கே என்று கேட்டிருக்கிறேன். அவரும் கை நீட்டியிருக்கிறார். வெயிலில் காய்ந்து கிடந்த பள்ளத்தை நான் பயபக்தியோடு அளந்திருக்கிறேன்.

“வாரின்னு கேட்டிருந்தீங்கன்னா அன்னைக்கே காட்டியிருப்பேன். நீங்க கால்வாய்னு கேட்டீங்க. இங்கிட்டு நாங்க சாக்கடையைத்தான கால்வாய்ம்போம்” என்றார்.

மழைத்தண்ணீரைக் குளத்துக்குக் கொண்டுவரும் வழிக்கு அங்கே வாரி என்று பெயர். நிஜமான வாரி, செல்வியக்காவின் இட்லிக் கடை வாசலில் சிமெண்ட் தளத்துக்கு அடியில் மண்ணடித்துக் கிடந்தது. மழை பெய்தால் தண்ணீர் போக வழியில்லாமல் அவர் அடுப்படிக்குள் ஏறும். வாசலை உடைக்க அவர் லேசில் சம்மதிக்கவில்லை. ஒரு தடவை தப்பாக வரைந்தவள் மறுதடவையும் தப்பாக வரையமாட்டாள் என்று என்ன நிச்சயம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்தத் தடவை சரியாக இருக்கும் என்று வாக்குக் கொடுத்தேன். நகராட்சி இயந்திரம் தளத்தைப் பெயர்த்தது. ஆட்டோக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மண் அள்ளினார்கள். அதற்குப் பிறகு வரும் முதல் பெருமழை இதுதான்.

ஒன்பது மணிக்குப் புதுக்கோட்டையில் இறங்கினேன். ஆரோக்கியசாமி நேராகக் கடைக்கே கொண்டுபோய் விட்டார். செல்வியக்கா கிரைண்டரைச் சிமெண்ட் கல் அடுக்கி அதன்மேல் தூக்கி வைத்திருந்தார். அரிசி மூட்டை பெஞ்சின்மேல் இருந்தது. என் வாக்குக்கு என்ன மதிப்பு என்று புரிந்தது. ஆனாலும் வாழை இலை போட்டு இட்லி கொடுத்தார்.

பத்து மணிக்கு மழை கொட்டியது. வாரியில் செந்தண்ணீர் வந்தது, நிறைந்தது, நின்றுவிட்டது. பிறகு கடையின் முதல் படியில் ஏறியது. செல்வியக்கா வெங்காயக் கூடையை எடுத்துப் பெஞ்சின்மேல் வைத்தார்.

ஆரோக்கியசாமி கடப்பாரையோடு மழைக்குள் ஓடினார். வாரியின் குறுக்கே இருந்த சின்னப் பாலத்தடியில் குத்தி எதையோ இழுத்தார். கொத்துக் கொத்தாக வந்தன வாழை இலைகள், அத்தனையும் சாப்பிட்ட இலைகள்.

“யாரு கடை எலை அக்கா இது?” என்று கத்தினார்.

சுற்றுவட்டாரத்தில் இலை போட்டுப் பரிமாறுவது ஒரே கடைதான். செல்வியக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். தண்ணீர் கடகடவென்று படியை விட்டு இறங்கிக் குளத்துப் பக்கம் பாய்ந்தது. குடையை மறந்து பின்னாலேயே ஓடிப்போய், அது குளத்தில் விழுவதைக் கண்ணால் பார்த்தேன். இதுவரை எழுதிய எந்தக் கட்டுரையும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

சொட்டச் சொட்டத் திரும்பி வந்தேன். அடுப்படித் தரை காய்ந்தே இருந்தது. செல்வியக்கா அதைக் காலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“ஒரு கை பிடிங்க. கிரைண்டரை எறக்கிருவோம்” என்றார்.

மூன்று பேருமாக இறக்கினோம்.

மதியம் இரண்டு மணிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. திருச்சியில் எங்கள் தெருவிலும் மழைக்குத் தண்ணீர் தேங்குகிறது. அது போகவேண்டிய வழி எது என்று நான் இன்னும் கேட்டதில்லை. அதற்கு எங்கள் தெருக்காரர்கள் என்ன பேர் சொல்வார்கள் என்பதே எனக்குத் தெரியாது. முதலில் அதைக் கேட்கவேண்டும்.