பதினோரு ஆட்டுக்கு மை

என் நாத்தனார் செண்பகவல்லிக்கு ஒரே ஒரு ஆசைதான். படத்துக்குக் கண் திறக்க வேண்டும்.

தாராவியில் என் வீட்டுக்காரர் கணேசபாண்டியன் சினிமா பேனர் வரைகிறவர். மாமனாரும் அதே தொழில்தான். வானம், புடவை, நகை எல்லாம் செண்பகவல்லி போடுவாள். கடைசியில் கண்ணை மட்டும் இவர் குளித்துவிட்டு வந்து திறப்பார். மாமனார் காலத்து வழக்கமாம். அப்படியென்ன பெரிய கண்ணோ! பத்து வருஷமாக அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

அறுபத்து நான்காம் வருஷம் கிங்ஸ் சர்க்கிள் ஹோட்டல்காரர் சுப்ரமணியன் ஒரு காலண்டர் படம் கொண்டுவந்தார். ஹாலந்து தேசத்து இடையனும் இடைச்சியும், சுற்றிலும் பதினோரு ஆடு. ஆடு மேய்க்கிறவள் பட்டுப்பாவாடை கட்டியிருந்தாள். அதைப் பெரிதாக வரைந்து ஹோட்டலில் மாட்ட வேண்டுமாம்.

“முந்நூறு வருஷத்துப் படம் ஓய். அங்கயும் உங்களாட்டம் அப்பா, பிள்ளை, தம்பின்னு குடும்பமே வரையுமாம்.”

“அந்த வீட்டுல தங்கச்சி யாரும் இல்லியோ?” என்றாள் செண்பகவல்லி. இவர் காதில் விழாத மாதிரி சாயம் குழைத்துக்கொண்டிருந்தார்.

இடையனுக்கும் இடைச்சிக்கும் கண் திறந்துவிட்டு, தாதரில் வேறு பேனர் அர்ஜன்ட் என்று கிளம்பினார். “ஆட்டுக்குத்தான, நீயே வச்சிரு.”

அவள் ஓடிப்போய்க் குளித்துவிட்டு வந்தாள். காலண்டரில் ஆட்டின் கண் மிளகளவு புள்ளிதான். கசாப்புக் கடையைத் தவிர ஆட்டை இவள் எங்கே பார்த்தாள்? தெரிந்ததெல்லாம் கதாநாயகிகளின் கண். அதையே வைத்தாள். மை, நீள இமை, ஓரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி. காய்ந்ததும் துணி சுற்றிக் கட்டிவிட்டாள்.

ஹோட்டலுக்கு மூன்று பேரும் போனோம். படத்தை மாட்டித் துணியை விலக்கியபோதுதான் இவர் பார்த்தார்.

“கெடுத்துட்டியே மூதி. ஆட்டுக்கு எவளாவது மை போடுவாளா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு இவர்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

“இடைச்சி அழகுதான் ஓய்,” என்றார் சுப்ரமணியன். “ஆனா இந்த ஆடெல்லாம் நம்மளயே பாக்கறதே. யார் வச்ச கண்ணு?” காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து வந்தார்கள்.

இவர் கிட்டே போய் ஒவ்வொரு ஆடாகப் பார்த்தார். அந்த இமை வளைவும் வெளிச்சப் புள்ளியும் இவருடையவை. இவருக்கு இவர் அப்பா கொடுத்தவை.

“தங்கச்சி வச்சது,” என்றார்.

திரும்பும் வழியில் மெதுவாக ஆரம்பித்தார். “நாளைக்கு ஒரு கதாநாயகி இருக்கா. இடது கண்ணை நீ தொறந்துக்க.”

“ஒத்தக் கண்ணுக்கெல்லாம் நான் குளிக்க மாட்டேண்ணே. ரெண்டும் தந்தா சொல்லு.”

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தேன். கண்ணில்லாத கதாநாயகிக்கு முன்னால் இவர் உட்கார்ந்து, கண் திறக்கிற சின்ன பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார். குளித்திருக்கவில்லை.