ஒரு விரலும் ஓர் அம்பும்

முதலில் இதை யாரும் நோய் என்று சொல்லவில்லை, திமிர் என்றார்கள். றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) பிறந்து ஆபீசில் கிளாக்கர் ஆனவன் நான். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் வணக்கம் வைத்தால் நானும் கை தூக்குவேன். ஒரு மழைக்காலத்தில் வலது கை நெஞ்சுவரைகூட எழவில்லை. கிளாக்கரய்யாவுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று பிரட்டுக்களத்தில் (காலையில் ஆள் பிரிக்கும் இடம்) பேசிக்கொண்டார்கள்.

டிஸ்பென்சரியில் வாயு என்றார்கள். வெதமாத்தயா (சிங்கள நாட்டு வைத்தியர்) எண்ணெய் கட்டினார். கடைசியில் கொழும்பு டொக்டர்தான் மோட்டார் நியூரோன் நோய் (தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாவது) என்றார். குணமாகுமா என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் என் மனைவி வசந்தாவைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது.

வேலை போனால் குவார்ட்டர்சும் போகும், மறுபடி லயம்தான். அந்த எழவு பிடித்த மௌஸோ கையில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண்தான் வழி காட்டினார். இடப்பக்க ஆல்ட், ஷிஃப்ட், கூடவே நம்லொக், மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வலப்பக்க எண்விசைகள் மௌஸாகிவிடும். எட்டு மேலே, இரண்டு கீழே, நான்கு இடம், ஆறு வலம், ஐந்து கிளிக். என்னைப் போன்றவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றையும் அழுத்த இன்னொருவர் வேண்டும், அதன்பின் ஒரு விரல் போதும். காலையில் வசந்தா வந்து அழுத்திவிட்டுப் போவாள்.

ஒருநாள் தோட்டத்தை நடத்தும் துரை என் பின்னால் நின்று, அம்பு திரையில் ஊர்ந்து போவதைப் பார்த்தார். நல்ல மனுசன். மாதக் கடைசியில் வீட்டிலிருந்து உடம்பைப் பார்க்கச் சொல்லி, பழைய கம்பியூட்டரையும் கொடுத்தனுப்பினார். கத்தி அழவேண்டும் போலிருந்தது எனக்கு.

இப்போது லயத்தில் இருக்கிறோம். வசந்தாவுக்குப் பிள்ளைக்காம்பராவில் (தாய்மார் மலைக்குப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) வேலை. திரையில் எழுத்துகளை விரித்துவைத்து, ஒவ்வொன்றாக அம்பால் தொட்டு இதை எழுதுகிறேன். தொடங்கியபோது விரலை அழுத்தவும் எடுக்கவும் முடிந்தது. இப்போது விரல் விசையில் விழுகிறது, பல நேரம் தானாக எழுவதில்லை. அம்பு திரையின் ஓரத்துக்குப் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தகரத்தில் மழை பெய்கிறது, விடுகிறது, திரும்பவும் பெய்கிறது. இது காலையா மாலையா என்று சிலசமயம் எனக்கே தெரிவதில்லை.

நேற்று வசந்தா வேலை முடிந்து வந்து என் விரலைத் தூக்கினாள். மரத்துப்போயிருந்த நுனியைத் தேய்த்துவிட்டாள்.

"ரொம்ப நேரமாவாங்க இப்படியே இருக்கீங்க?"

"இப்பத்தான்" என்றேன்.