படம் முடிந்த பிறகு வரும் இருட்டு

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கரிசல் மண்ணில் பெரிய கட்டடம் நிற்காது, மழைக்கு ஊதும், வெயிலுக்குப் பிளக்கும் என்றார்கள். பாறை தட்டும்வரை தோண்டி, சிவகாசி நாரணாபுரம் ரோட்டில் தியேட்டரை எழுப்பினேன். உப்புத் தண்ணீர்தான் வரும் என்ற இடத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டினேன். அதற்கு முன்னால் பழைய மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் நடத்தினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன், தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கிய கை, இவனுக்கு லைசென்ஸ் யார் கொடுப்பார் என்று சிரித்தவர்கள் பிறகு என்னிடமே பால்கனி டிக்கெட்டுக்கு வந்து நின்றார்கள்.

இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. ஒத்துக்கொள்ளாதது ஒன்று உண்டு. என் தியேட்டரில் படம் முடிந்தவுடன் விளக்கு எரியாது. கொஞ்ச நேரம் இருட்டாகவே இருக்கும். அந்த இருட்டை வைத்தது நான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் ஆபரேட்டர் கையால் செய்த வேலைகளை மிஷினிடம் விட்டேன். விளக்கை மங்கவைப்பது, திரையை விலக்குவது, கடைசியில் விளக்கைப் போடுவது எல்லாம் அதுவே செய்யும். ஆனால் எப்போது என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டுமே. மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் இரண்டு வழி சொன்னார்.

"அண்ணாச்சி, கடிகாரம் வச்சிறலாம். இத்தனாவது நிமிசத்துல விளக்குன்னு குறிச்சுட்டா முடிஞ்சது. இல்லன்னா பிலிம் ஓரத்துல சின்னதா ஒரு தகடு ஒட்டணும். அது மிஷினைக் கடக்கும்போது விளக்கு எரியும். கடிகாரம்தான் சுளுவு."

"தம்பி, தீப்பெட்டிக் கம்பெனி வேன் சனத்தை ஏத்திட்டு வர லேட்டாச்சுன்னா படத்தை லேட்டாத்தான் போடுவோம். சனம் கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்னு ஒரு பாட்டை வெட்டுவோம். பாட்டு போயிருச்சுன்னு கடிகாரத்துக்கு யாரு போய்ச் சொல்றது?"

தகடுதான் என்று முடிவாயிற்று. அவர் கொண்டுவந்த தகடு ஒரு சின்னச் சுருள். தீர்ந்தால் மதுரைக்குப் போக வேண்டுமாம். சிவகாசிக்காரன் வெள்ளித்தாளுக்கு மதுரைக்குப் போவானா? என் பிரஸ்ஸில் பூச்சட்டிப் பட்டாசு லேபிளுக்கு வைத்திருந்த வெள்ளித்தாளை நறுக்கி, தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் மைதாப் பசையால் ஒட்டச் சொன்னேன். எங்கள் பக்கம் எதையும் அதில்தான் ஒட்டுவோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்னியில் ஆரம்பத்துத் துண்டுகள் ஒழுங்காக வேலை செய்தன. கடைசித் துண்டு சூட்டில் காய்ந்து எங்கோ உதிர்ந்துவிட்டது. அக்காவும் தங்கையும் பிரிகிற படம். முடிந்தது. திரை இருண்டது. விளக்கு வரவில்லை. மிஷின் போடும் என்று ஆபரேட்டர் சும்மா நின்றிருக்கிறான்.

நான் பின்வரிசையில் நின்றிருந்தேன். "ஏலே!" என்று கத்த வாயைத் திறந்தேன். ஆனால் கத்தவில்லை. கரண்டு போனால் விசிலடித்து நாற்காலியை உதைக்கிற சனம் அன்று சத்தமே போடவில்லை. மின்விசிறிச் சத்தம். பெண்கள் பக்கம் வளையல் சத்தம், மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு ஆபரேட்டர் கையாலேயே விளக்கைப் போட்டான். எல்லாரும் முகத்தைத் துடைத்து முடித்து, கோயிலிலிருந்து கிளம்புகிறவர்கள் போல எழுந்தார்கள்.

இன்ஜினியர் உதிர்ந்த துண்டைத் தேடிப் பிடித்து வந்தார். "அண்ணாச்சி, மைதாப் பசையையா போட்டீக?"

"தோசை மாவைப் போடலயேன்னு சந்தோசப்படுங்க சார்" என்றான் ஆபரேட்டர்.

என் வீட்டுக்காரி ஞாயிறு தவறாமல் பெண்கள் பக்கம் கடைசி வரிசை ஓர நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்ப்பாள். அன்று எனக்குச் சோறு வைத்துக்கொண்டே சொன்னாள்:

"இனிமேலும் அப்படியே விட்டுருங்க."

"எதை?"

"இருட்டைத்தான். எப்பவும் படம் முடிஞ்சதும் பளிச்சுன்னு லைட்டைப் போட்டுர்றீக. மூஞ்சியத் தொடைக்கதுக்குள்ள பக்கத்துல இருக்கவ பாத்துர்றா. வேன்ல ஏறுற வரைக்கும் கேலி. 'என்னத்தா, சினிமாவுக்குப் போயி இந்த அழுகை'ங்கா."

"சினிமாவுக்குத்தான அழுறீக?"

ரசத்தை ஊற்றினாள். "சினிமாவுக்கு மட்டும்னா நினைக்கீக?"

அவள் தங்கை புதுப்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்கு வேலைக்குப் போய், அது வெடித்ததில் திரும்பாதவள். அதற்காக வீட்டில் என் வீட்டுக்காரி அழுது நான் பார்த்ததில்லை. வீட்டில் அழுதால் பிள்ளை மிரளும். கோயிலில் அழுதால் நாலு பேர் கேட்பார்கள். என் தியேட்டரில் பாதிப் பெண்களுக்கு அப்படி ஒரு கணக்கு இருக்கும் என்பது அன்றுதான் என் மண்டையில் ஏறியது.

மறுநாள் இன்ஜினியரைக் கூப்பிட்டேன். முடிவுக்குப் பின்னால் கறுப்பு பிலிம் கொஞ்சம் சேர்த்து, விளக்குக்கான தகட்டை அதன் வாலில் ஒட்டச் சொன்னேன். மதுரைத் தகடுதான், நல்ல பசையோடு.

"எந்த ஊர்லயும் இப்படி வைக்கதில்ல அண்ணாச்சி. சனம் முட்டிக்கும்."

"வாசல் விளக்கு எரியும்ல. என் தியேட்டர்ல நான் சொல்றதுதான் வெளிச்சம், நான் சொல்றதுதான் இருட்டு."

"எம்புட்டு நேரம் வைக்க?"

"ஒரு பொம்பளை முந்தானையால மூஞ்சியத் தொடைச்சு, மூச்சு விடுற நேரம்."

அளந்து ஒட்டினார். அது அவர் வேலை, நான் மறுக்கவில்லை. பிறகு ஆனைக்குட்டம் பக்கத்துத் தியேட்டரிலும் அதையே வைத்துவிட்டு, தன் யோசனை என்று சொல்லித் திரிகிறார்.

என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து இரண்டு பங்குனிப் பொங்கல் கழிந்துவிட்டது. நான் ஞாயிறு மேட்னிக்குத் தவறாமல் போகிறேன். என்ன படம் என்று கேட்டால் தெரியாது. முடிவுக்காகத்தான் காத்திருக்கிறேன். திரை இருண்டதும் பெண்கள் பக்கம் வளையல் சத்தம் கேட்கும். ஓர நாற்காலி இருட்டில் காலியாக இருப்பதில்லை. விளக்கு எரிந்தால்தான் அது காலி. இன்னும் கொஞ்சம் கறுப்பு பிலிம் சேர்த்திருக்கலாமே என்று ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது என் மகன் பிலிமை எடுத்துவிட்டு, பெட்டியிலிருந்து ஓடும் டிஜிட்டல் படத்துக்கு மாறுகிறான். அதே இன்ஜினியர்தான். தகடு கிடையாது, விளக்கு எப்போது என்று கம்ப்யூட்டரில் தட்டிப் பதிவு செய்துவிடுவார்களாம்.

"அப்பா, இப்ப எல்லா ஊர்லயும் முடிவுல பேரு ஓடும்போதே லைட்டைப் போட்டுர்றாக."

"அவங்க ஊர்ல போடட்டும். இங்கன இருட்டு இருக்கும்."

"சரிப்பா, இருக்கட்டும். அது இன்ஜினியர் யோசனைதான? கல்லுல அவரு பேரைப் போட்டிருக்கேன்."

திறப்புவிழாக் கல் விருதுநகரில் வெட்டுகிறார்கள். பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஒளி அமைப்பு என்று போட்டு அவர் பெயர் இருக்கிறது. இருக்கட்டும், ஒட்டியவர் அவர். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். படம் முடிந்த பின் வரும் இருட்டைக் கேட்டவள் என்று அவள் பெயரும், வைத்தவன் என்று என் பெயரும் அங்கே வர வேண்டும். அந்த வரியை வெட்டாமல் கொண்டுவந்தால், நான் எழுப்பிய சுவரில் அந்தக் கல்லைப் பதிக்க விடமாட்டேன்.