கழுதை செத்த செய்தி

எங்கள் விடுதி வரைக்கும் ஜீப்பு வராது. குரங்கணிக்கு மேலே சாலை ஒரு சிறு பாலத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் காப்பித் தோட்டத்துக்குள் போகும் ஒற்றையடிப் பாதைதான். தம்பியும் அவன் மனைவியும் அங்கே விருந்தினர்களுக்காகச் சில அறைகளைக் கட்டினார்கள். செய்தித்தாள் வேலையை விட்டுவிட்டு வந்து நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். வருகிறவர்களின் பெட்டிகளைப் பாலத்திலிருந்து சுமந்து வர இரண்டு கழுதைகள் வாங்கினோம், ஒன்று ஆண், ஒன்று பெட்டை. விற்ற தரகர் ‘மினியேச்சர்’ என்றார், வெளிநாட்டு இனம் என்றார். இரண்டும் என் இடுப்பு உயரம்கூட இல்லை. குழந்தைகளோடு வருகிறவர்கள் மலையை விட்டுவிட்டு அவற்றைத்தான் படம் எடுத்தார்கள்.

எங்களுக்குக் கீழே ஒரு ஏலத்தோட்டம். அதன் சொந்தக்காரர் சிலமலை ஊர்க்காரர், அறுபதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். ஏலச்செடியில் காய் பிடிக்கிற சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும். வேலி இல்லாத ஒரு மூலை வழியாக எங்கள் கழுதைகள் உள்ளே போய் அந்தச் சரங்களை மிதித்துவிட்டன. அவர் நேராக மேலே ஏறி வந்தார்.

“ஆத்தா, இனியொருக்க உள்ள வந்துச்சுன்னா உசுரோட திரும்பாது, சொல்லிட்டேன்” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். தம்பி மறுநாளே முள்ளை வெட்டிப் போட்டு மூலையை அடைத்தான்.

அதற்குச் சில நாள் கழித்து ஆயுத பூஜை வந்தது. ஜீப்பைக் கழுவிப் பாலத்தருகே நிறுத்தினோம். மண்வெட்டி, அரிவாள், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. மாலை வாங்க நான்தான் போடிக்குப் போயிருந்தேன். பண்டிகை நெருக்கடியில் செவ்வந்தி தீர்ந்துபோய், அரளிதான் கிடைத்தது. இளஞ்சிவப்புப் பூ, இடையிடையே அதன் இலையையே வைத்து வாழைநாரில் கட்டியது. ஜீப்புக்குப் போட்டது போக மாலைகள் மிஞ்சின.

“இதுகளும் நம்ம வண்டிதானே” என்று சொல்லி இரண்டு கழுதைகளின் கழுத்திலும் ஆளுக்கொன்றாகப் போட்டவள் நான். தம்பி சிரித்தான். அவன் மனைவி படம் எடுத்தாள். அந்தப் படத்தில் நான்கூட அழகாக விழுந்திருக்கிறேன்.

பூஜையில் வைத்த எதையும் மறுநாள் காலை வரை எடுக்கக் கூடாது, அசைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதன்படி ஜீப்பு ஓடவில்லை, மோட்டார் ஓடவில்லை. கழுதைகளுக்கும் ஓய்வு. மாலைகளோடு அவற்றைக் கொட்டகையில் கட்டினோம்.

விஜயதசமி காலையில் தம்பி மனைவி தீவனம் வைக்கப் போனாள். அவள் சத்தம் கேட்டு நானும் ஓடினேன். ஆண் கழுதை செத்துக் கிடந்தது, கால்கள் விறைத்திருந்தன. பெட்டை சுவரில் தலையை முட்டுக் கொடுத்து நின்றது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. காது மடல் ஈரத் துணிபோலச் சில்லிட்டிருந்தது. சாணம் தண்ணீராகப் போயிருந்தது. இரண்டு நாளாகக் கீழ்த்தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள், அந்த நெடி இன்னும் காற்றில் இருந்தது. இதையெல்லாம் நான் கவனித்தேன். எந்தச் சம்பவ இடத்துக்குப் போனாலும் முதலில் பார்த்துவிடு, அப்புறம் பேசு என்று பழகியவள். கழுதைகளின் கழுத்தில் மாலை இல்லை என்பதை மட்டும் நான் பார்க்கவில்லை.

தம்பி போடியிலிருந்த கால்நடை மருத்துவரை அழைத்துவரப் போனான். நான் பெட்டையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கைப்பேசியை எடுத்து, இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்களும் ஜீப்பு ஓட்டுநர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்.

‘நேற்று மாலை வரை நலமாக இருந்த எங்கள் கழுதைகளில் ஒன்று இன்று காலை மர்மமான முறையில் இறந்து கிடந்தது. மற்றொன்று உயிருக்குப் போராடி வருகிறது. கழுதைகள் உயிரோடு திரும்பாது என்று அண்மையில் எங்களுக்கு மிரட்டல் வந்ததும், அருகிலுள்ள தோட்டத்தில் பூச்சிமருந்து பயன்பாட்டில் இருப்பதும் குறிப்பிடத்தக்கது.’

ஒவ்வொரு வரியும் உண்மை. பெயர் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. வழக்குப் போட யாராலும் முடியாது. ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை என்று படித்துப் பார்த்துத் திருப்திப்பட்டது நினைவிருக்கிறது. பக்கத்தில் ஒரு உயிர் தள்ளாடிக்கொண்டிருந்தபோது நான் வாக்கியத்தின் நயத்தைச் சரிபார்த்தேன்.

மருத்துவர் இளம்பெண். வந்ததும், “இது நம்மூர்க் கழுதைதாங்க, கொஞ்சம் குட்டையாப் பொறந்திருக்கு” என்றார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். “ரெண்டு அடி சேர்ந்து வருது, அப்புறம் நிக்குது, மறுபடி வருது. இதயத்தைத்தான் பிடிச்சிருக்கு. பூச்சிமருந்துன்னா இந்நேரம் வாயில எச்சி ஊத்தணும், கண்ணுல தண்ணி வடியணும். அது எதுவுமே இல்லையே?”

அந்த நேரத்தில்தான் கீழ்த்தோட்டக்காரர் ஏறி வந்தார். அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. போடியிலிருக்கிற மருமகன் அழைத்துப் படித்துக் காட்டியிருக்கிறார். வேட்டியை மடித்துக்கூடக் கட்டாமல் அத்தனை ஏற்றமும் ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

“ஏன் ஆத்தா, நான் மருந்து வச்சுக் கொன்னுட்டேன்னு போட்டியாமே?”

“உங்க பேரை நான் போடவே இல்லையேண்ணே” என்றேன்.

இதைச் சொன்னபோது என் குரல் நடுங்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் கூசுகிறது.

“பேரு போடலேன்னா? ஒனக்குக் கீழ வேற எவன் தோட்டம் இருக்கு, காட்டு பாப்போம்.”

தம்பி இடையில் வந்து, “அண்ணே, அன்னிக்கு நீங்க சொன்னீகள்ல” என்று ஆரம்பித்தான்.

“சொன்னேன்டா. கோவத்துல சொன்னேன். ஒங்கப்பன் ஒன்னய எத்தன தடவ வெட்டிப் போடுவேன்னு சொல்லியிருப்பாரு? வெட்டிட்டாரா?”

இந்தப் பேச்சைக் காதில் வாங்காதவர்போல மருத்துவர் செத்த கழுதையின் உதட்டை விலக்கி ஈறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைவாய்ப் பல்லிடுக்கிலிருந்து எதையோ இழுத்தார். விரல் நீளத்துக்கு வாழைநார், அதன் முடிச்சில் ஒரு துண்டு இலை, நசுங்கிய இளஞ்சிவப்புப் பூ.

“இது அரளியில்ல? யாரு போட்டது மாலை?”

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். “நேத்து பூஜைக்கு...” என்று மட்டும் சொன்னாள்.

“பச்சையா இருந்தா கசப்புக்கு வாய் வைக்காதுங்க. வாடிட்டா கசப்பு கொறஞ்சிரும், விஷம் கொறையாது. ஒண்ணு கழுத்துல கெடந்ததை இன்னொண்ணு தின்னுருக்கு.” அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கரித்தூளைக் கரைத்து ஊற்றினார். சலைன் ஏற்றினார். பெட்டையை நடத்தக் கூடாது, மிரட்டக் கூடாது, வேறொன்றும் செய்வதற்கில்லை என்றார்.

கீழ்த்தோட்டக்காரர் அந்த நாரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “சரி, கழுதையப் பாருங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பெட்டை பிழைத்துக்கொண்டது. சில நாள் தலை தொங்கியே நின்றது, பிறகு மெல்லப் புல் கடித்தது. நான் குழுவில் போட்டதை அன்றே அழித்தேன். அதற்குள் அது படமாகி வேறு குழுக்களுக்குப் போயிருந்தது. மறுப்பும் போட்டேன். ‘கழுதையின் இறப்புக்கு அரளி மாலையே காரணம் என மருத்துவர் உறுதிப்படுத்தியுள்ளார். முந்தைய பதிவுக்கு வருந்துகிறோம்.’ இரண்டு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் காலை வணக்கம் அனுப்பினார். செய்தியை முதல் பக்கத்திலும் வருத்தத்தை உள்பக்க மூலையிலும் போட்டே பழகிய கை. அதிலும் ‘வருந்துகிறோம்’ என்று எழுதி, தம்பியையும் அவன் மனைவியையும் துணைக்கு இழுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் கீழ்த்தோட்டத்தில் ஆள் சத்தமே குறைவாக இருந்தது. காய் எடுக்கிற பருவம். சரத்தில் காயை விட்டுவைத்தால் பழுத்து வெடித்துவிடும். அவருக்கு வழக்கமாகத் தேவாரத்திலிருந்து வரும் இரண்டு பெண்கள், வாயில்லாச் சீவனுக்கு விஷம் வைத்த ஆளின் தோட்டத்துக்கு வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். தம்பி மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றே கீழே இறங்கினேன். அவர் தனியாகக் குந்தி உட்கார்ந்து காய் பறித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, தப்பு என்மேலதான். மன்னிச்சிருங்க.”

அவர் கையை நிறுத்தவில்லை. “எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு ஆத்தா? நான் வைக்கலேன்னு எனக்குத்தான் தெரியுமே. காலையில குரங்கணி டீக்கடைக்கு வா. காயெடுக்கிற பொம்பளைக எல்லாம் அங்கனதான் எறங்கும். அதுககிட்டச் சொல்லு.”

“குழுவுல போட்டிருக்கேண்ணே.”

“அதுக எங்க அதப் படிக்குதுக? வாயால சொல்லு.”

மறுநாள் காலையில் போனேன். ஜீப்புகள் வந்து நின்றிருந்தன. தூக்குவாளியும் தலையில் துண்டுமாகப் பெண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இருவரும் ஓரமாக நின்றார்கள். அவர் பெஞ்சின் கோடியில் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். கூட்டங்களில் மற்றவர்கள் பேசுவதைக் குறிப்பெடுத்தே வாழ்ந்தவள் நான். பேசத் தெரியவில்லை.

“அண்ணன் எங்க கழுதைக்கு மருந்து வைக்கல. நான்தான் அரளி மாலை போட்டேன். அதத் தின்னுதான் செத்துச்சு. விசாரிக்காம நான் தப்பா எழுதிட்டேன்.”

தலைநரைத்த ஒரு பெண், “கழுதைக்கு மாலையா? எதுக்கு, கல்யாணமா?” என்றார்.

“ஆயுத பூஜைக்கு.”

“ஏன் ஆத்தா, அதென்ன ஸ்பேனரா?”

கடையே சிரித்தது. ஒரு ஓட்டுநர் டீக் கிளாசோடு எழுந்து வந்தார். “எக்கா, எலுமிச்சம்பழம் காலுக்கடியில வச்சு நசுக்குனீகளா, இல்லையா?”

வைத்திருந்தோம். “வச்சோம்” என்றேன்.

“நாலு காலுக்கும்?”

“நாலுக்கும்.”

இப்போது அந்தச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பெஞ்சில் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப இந்தாளு வைக்கலையா?” என்று தலைநரைத்தவர் மறுபடி கேட்டார். அவர் குரலில் ஒரு சின்ன ஏமாற்றம் இருந்தது. “ஆனா அடிப்பேன் கொல்லுவேன்னு மொறைச்சுக்கிட்டுத் திரிஞ்சாருன்னாகளே?”

“மொறைச்சாரு. மருந்து வைக்கல.”

அதற்குள் தேவாரத்து ஜீப்பு இன்னொன்று வந்து ஆட்களை இறக்கியது. பெஞ்சில் இருந்தவர் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். “அந்த ஜீப்பு ஆளுக கேக்கல ஆத்தா. மறுக்காச் சொல்லு.”

சொன்னேன். மாலை, அரளி, நான் எழுதியது எல்லாம் முதலிலிருந்து. “எக்கா, எலுமிச்சம்பழத்த விட்டுட்டீக” என்று ஓட்டுநர் எடுத்துக்கொடுத்தார். அதையும் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள்.

அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி கிளாசைக் கழுவி வைத்துவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, கீழ்த்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். மற்றவளைக் கீழ்த்தோட்டக்காரர் பார்த்தார். நானும் பார்த்தேன்.

“வெரசா வாடி” என்று ஜீப்பிலிருந்து குரல் வந்தது.

“நீ போ. எனக்கு இன்னிக்கு வேற தோட்டத்துல சோலி இருக்கு” என்றாள் அவள், என்னைப் பார்த்துக்கொண்டே.